கூரைப் பரீட்சையும் உங்கள் தம்பியின் நேர்த்தியும்

இயேசு மரி சூசை

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
18 மே 2008, ஞாயிறு

அன்பும் மதிப்பும் உள்ள யோசெப்பீன் மச்சாளுக்கு நிரஞ்சனி எழுதிக்கொள்வது.

இங்கு உங்கள் தம்பியும் நானும் மகள் ஜெயனியும், ஆண்டவர் கிருபையால், எல்லா எலும்புகளும் அவையவை இருக்கவேண்டிய இடத்தில் இருக்க, சுகமாயிருக்கிறோம். கடிதத்தைப் பிரித்தவுடன் நீங்கள் தேடப்போவது இந்தச் செய்தியைத்தான் என்பதால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். அங்கு உங்கள் முழங்கால் வலியும் அண்ணையின் பிரஷரும் தணிந்திருக்கவும், அனிற்றாவின் கல்யாண வேலைகள் தடங்கலின்றி நடக்கவும் வேண்டுகிறேன்.

போன ஞாயிறு நீங்கள் ரெலிபோனில் சொன்னது நினைவிருக்கும். "ஐம்பது வயசாகப்போற பொம்பிளை, காற்சட்டை போட்டுக்கொண்டு கண்டவன் வீட்டுக் கூரையில ஏறி நிண்டால் சம்பந்தி பகுதி என்னெண்டு நினைக்கும்? நான் என்ன பதில் சொல்லுறது? விட்டிட்டன் எண்டு கையால ஒரு கடிதம் எழுதி அனுப்பும். வாயால சொன்னால் நம்பமாட்டன், என்ரை தம்பியோட இவ்வளவு காலம் இருந்த ஆள் நீர்" என்றீர்கள். நியாயமான கோரிக்கைதான். ஆகவே கையால் எழுதுகிறேன்: சோலர் படிப்பை நான் விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டது இவ்வளவுதான். இத்துடன் கடிதத்தை மடித்து வைத்தாலும் குறையில்லை. ஆனால் நேற்று எங்கள் வளவில் நடந்தது இன்று பூசை முடிவதற்குள் பாதி மொன்றியலுக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு அது உங்கள் ஸ்காபரோவுக்கு வரும்போது நான் கூரையிலிருந்து விழுந்து, மாதா என்னைக் கையில் ஏந்தினாள் என்கிற அளவுக்கு வளர்ந்திருக்கும். அதற்கு முன் உள்ளதை உள்ளபடி நீங்கள் என்னிடமிருந்தே அறிவது நல்லது.

இது எப்படித் தொடங்கியது என்பதை உங்களுக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் களஞ்சியம் ஆடி மாதத்தோடு மூடப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து, பிள்ளைகளுக்கு மின்னோட்டம் கற்பித்துவிட்டு, இந்த நாட்டில் இத்தனை வருடமும் ஷாம்பூப் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினேன். லேபல் ஒட்டுவதில் எனக்கு வருத்தமில்லை. அது கோணாமல் ஒட்டினேன். மூடுகிறார்கள் என்றதும் வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பெண் ஒரு துண்டுப்பிரசுரம் தந்தாள். அதில் ஹெல்மெட் போட்ட இளைஞன் ஒருவன் சோலர் தகட்டுக்குப் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்தான். சிரிக்கிற துண்டுப்பிரசுரங்களை நம்புகிற ஆள் நானில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வருடத்தில் பாதி நாள் இந்த ஊரில் சூரியன் வாசலில் நின்று சுகம் விசாரித்துவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரித்தான். போதாததற்கு ஆற்று மின்சாரம் இங்கு இவ்வளவு மலிவு. நம்மவர் வீடுகளில் பேஸ்மன்ற் லைற் பகலிலும் எரிகிறது. இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்கு வரலாம் என்றுதான் முதல் நாள் மாலை வகுப்புக்குப் போனேன். ஆசிரியர் முசியே ரெஜான், அறுபது வயது மனிதர், கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்து, இது ஏன் இந்த இடத்தில் கீழே விழுகிறது என்று கேட்டார். இருபது இளைஞர்களும் தங்கள் கொப்பிகளைப் புரட்டினார்கள். மச்சாள், இந்த நாட்டுக்கு வந்தபின் யாராவது என்னிடம் கேட்டு, எனக்கு விடை தெரிந்திருந்த முதல் கேள்வி அது. என்னுடைய உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு "ஓ, மதாம்!" என்றார். அதன்பின் நான் ஓட்டை தேடவில்லை.

வடக்கே மின்கம்பி போகாத ஏரிக்கரை வீடுகளுக்கும், எல்லை தாண்டி உங்கள் ஒன்ராறியோப் பக்கத்துக்கும் தகடு பூட்டிக் கொடுக்கிற சின்னக் கொம்பனி ஒன்று, இந்த வகுப்பிலிருந்து ஒரேயொரு ஆளை ஆனி மாதம் வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தது. எழுத்துப் பரீட்சையில் நான் முதலாவது. கூரையில் செய்கிற செய்முறைப் பரீட்சையிலும் தேறினால் அந்த இடம் எனக்கு என்று முசியே ரெஜான் வெளிப்படையாகவே சொன்னார். தேறாவிட்டால் இல்லை.

கரும்பலகை வேறு, கூரை வேறு. உயரத்தில் வேலை செய்கிறவர்கள் உடம்பில் பூட்டுகிற பாதுகாப்புப் பட்டி ஆண்களுக்கென்றே தைத்தது. அதை எனக்கு இறுக்கிக் கயிற்றில் தூக்கியபோது மீன் சந்தைத் தராசில் தொங்குகிற பாரை மாதிரி இருந்தேன். கயிற்றை நம்பப் பழகவேண்டும், ஆகவே ஒவ்வொருவராக வேண்டுமென்றே விழுங்கள் என்றார்கள். மற்றவர்கள் கூவிக்கொண்டு விழுந்தார்கள். நான் கயிறு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டு, முசியே ரெஜான் காட்டிய கணக்கை ஒருமுறை நானும் செய்து பார்த்து, அதன்பின் விழுந்தேன். பெடியள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அவர்களுக்கு நான் "மதாம் புரொபெசர்". இதையெல்லாம் உங்கள் தம்பியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அவருடைய சங்கதி உங்களுக்குத் தெரியாததா? துறைமுகத்தில் கொன்ரெய்னர்களை மாடி மாடியாக அடுக்குகிற இடத்தில் வேலை, ஆனால் வீட்டில் பல்பு மாற்றுவது நான். அவருக்குக் கதிரையில் ஏறினாலே தலை சுற்றும். என்னை வேண்டாம் என்று அவர் ஒருநாளும் தடுக்கவில்லை. செபமாலையை எடுத்தார், அவ்வளவுதான். நான் பழகுவதற்காக எங்கள் கராஜ் கூரையில் ஏறும்போதெல்லாம் கீழே நின்று இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். நான் இறங்கி வரும்போது கால் வைக்க இடமிருக்காது, கடைசிப் படியில் அவருடைய தலை இருக்கும்.

"இஞ்சாருங்கோ, கண்ணைத் திறவுங்கோ."

"நீர் இறங்கினாப் பிறகு திறக்கிறன்."

"நீங்கள் திறந்தால்தான் நான் இறங்கலாம்."

"அப்ப கொஞ்சம் பொறும், இந்த அருள்நிறைந்த மரியை முடியட்டும்."

பரீட்சைக்கு உண்மையான கூரை ஒன்று வேண்டும். எங்கள் கராஜ் கூரை தட்டையானது, தெற்கே மறைப்பில்லை, ஆகவே நான் அதையே கொடுத்தேன். தகடுகளைத் தூக்கிக் கொடுக்க வகுப்புப் பெடியள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பூட்டி முடித்து, வயர் இழுத்து, மீற்றரை வைத்துப் பார்த்தேன். புத்தகத்தில் உள்ளது போலவே காட்டியது. சனிக்கிழமை காலை முசியே ரெஜான் வந்து அளந்து, கேள்வி கேட்டு, புள்ளி போடவேண்டியதுதான் மிச்சம்.

இப்போது மே மாதம் என்பதை நான் கவனத்தில் எடுக்கவில்லை. மாதாவின் வணக்கமாதம், எங்கள் வட்டாரத்தில் சுரூபம் வீடு வீடாகப் போகிறது. சனிக்கிழமை எங்கள் முறை. அது பின்னேரத்துக்குத்தான் என்று நான் நினைத்திருக்க, உங்கள் தம்பி, வட்டாரச் செபம் நடத்துகிற நீக்கிலாப்பிள்ளை அண்ணையோடு கதைத்து அதைக் காலைக்கு மாற்றியிருக்கிறார். பரீட்சை நேரத்தில் தேவதாயார் வீட்டில் இருக்கவேண்டுமாம். அதுவரைக்கும் நான் ஒத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரியாமலிருந்தது அவர் வைத்த நேர்த்திக்கடன். போன மாதம் சண்டைக்குத் தப்பவைக்க மடுக் கோயிலிலிருந்து மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு போனார்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து அவர் ஒரு நிலையில் இல்லை. நீங்களும் அன்று ரெலிபோனில் அழுதீர்கள். "எங்களுக்குத்தான் இடப்பெயர்வு எண்டு பாத்தால், அவவுக்குமா?" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த மனநிலையில்தான் நேர்ந்திருக்கிறார்: நான் எலும்பு முறியாமல் கூரைப் படிப்பை முடித்தால், எங்கள் வீட்டில் மனிதர் நிற்கக்கூடிய ஆக உயரமான இடத்தில் தாயாரை வைப்பது, வைத்தால் செபம் முடியும்வரை யாரும் அசைக்கக் கூடாது. உயரமான இடம் என்றால் வேறு யாரும் அலுமாரித் தட்டைப் பார்ப்பார்கள். அவர் கராஜ் கூரையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தகடு பூட்டி நான் முழுசாக இறங்கியதுமே அவருடைய கணக்கில் படிப்பு முடிந்துவிட்டது.

நான் உள்ளே தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது வளவு நிறைய ஆட்கள், எல்லோருடைய முகமும் மேலே பார்த்தபடி. கூரையில் தாயார். தாயாரின் மேல் என்னுடைய செம்மஞ்சள் நிறப் பாதுகாப்புப் பட்டி. கண்ணை மூடிக்கொண்டு ஏணி பிடித்த மனிதர், நான் பட்டி பூட்டுவதை எப்போது பார்த்துப் பழகினாரோ தெரியாது, ஒரு கொழுவிகூடப் பிழையில்லாமல் பூட்டி, கயிறு போட்டுத் தூக்கியிருக்கிறார். தூக்குவதற்கு அவரும் மேலே போகவேண்டியிருந்தது, போயிருக்கிறார். தகடுகளுக்கு முன்னால், கூரையின் கிழக்கு மூலையில், தோட்டத்தைப் பார்த்தபடி தாயாரை நிறுத்தி, கடதாசிப்பூ வளைவும் நீலத் துணியும் கட்டி, எல்லாம் முடிந்தபின் ஒருமுறை கீழே பார்த்திருக்கிறார். அப்படியே இருந்துவிட்டார். நான் கண்டபோது தாயாரின் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூரையில் சம்மணம் கொட்டியிருந்தார்.

"இறங்கி வாங்கோ, இப்ப சேர் வந்திடுவார்."

"ஏலாது."

"ஏணி உங்கை கிடக்கு."

"ஏணி கிடக்கு, நிரஞ்சி. கால்தான் இல்லை."

நீக்கிலாப்பிள்ளை அண்ணை செபம் தொடங்கினால் வீடு பற்றினாலும் நிறுத்தாத மனிதர். "அவர் அங்கையே இருக்கட்டும் தங்கச்சி, தாயாருக்கும் ஒரு துணை. செபமாலை முடிய ரெண்டு பேரையும் ஒண்டா இறக்குவம்" என்று சொல்லிவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். ஆட்கள் முழந்தாளிட்டார்கள். அந்த நேரம் பார்த்து முசியே ரெஜான் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். அவர் கடைசியாகக் கோயிலுக்குப் போனது தன் தாயின் அடக்கத்துக்கு என்று முன்பொருநாள் சொல்லியிருந்தார். வளவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மரியாதையாக ஹெல்மெட்டைக் கழற்றினார். பிறகு பரீட்சை விதி நினைவுக்கு வந்து திரும்பப் போட்டுக்கொண்டார். ஜெயனியைப் பார்த்துக் குசுகுசுத்த குரலில், இன்றைக்கு அவர் கண்ட பட்டிகளிலேயே ஒழுங்காகப் பூட்டியிருப்பது மேலே நிற்கிற அந்த மதாமுடையதுதான் என்று சொன்னாராம்.

அவர் மீற்றரை வைத்தார். பாதிகூடக் காட்டவில்லை. மச்சாள், தகடுகளை ஒன்றோடொன்று தொடராக இணைத்திருக்கும்போது ஒன்றின் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் முழு வரிசையும் சோர்ந்துவிடும். குழாயை ஒரு இடத்தில் மிதித்தால் தோட்டம் முழுவதும் தண்ணீர் குறைகிற மாதிரி. தாயாருடைய நிழலும் வளைவுடைய நிழலும் முதலாவது தகட்டில் நீளமாகக் கிடந்தன. முசியே ரெஜான் அதைக் கண்டார். வாழ்நாள் முழுவதும் அந்த வேலை செய்தவர், காணாமல் இருப்பாரா? ஆனால் குறையையும் அதற்கு மாற்றையும் பரீட்சை எழுதுகிறவர் தன் வாயால் சொல்லவேண்டும் என்பது விதி. எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். ஆட்கள் திரும்பிப் பார்த்ததால் ஜெயனி தேவையில்லாமல் அதைத் தமிழிலும் சொன்னாள்: "கரண்ட் காணாதாம். என்ன காரணம், என்ன செய்யவேணும் எண்டு அம்மாவைக் கேக்கிறார்." நீக்கிலாப்பிள்ளை அண்ணை செபத்தை நிறுத்தினார். நான் அறிய அது முதல் தடவை.

எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லக்கூடிய விடை. காரணம்: சுரூபத்தின் நிழல். மாற்று: சுரூபத்தை அப்புறப்படுத்துவது. நான் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தேன். உங்கள் தம்பி நெற்றியெல்லாம் வியர்க்க, தாயாரின் பாதத்தை விடாமல், "என்ன பிழையாம்? நான் பிழையா ஒண்டும் செய்யேல்லையே, நிரஞ்சி?" என்று கேட்டார். கீழே பார்த்தேன். முழந்தாளில் நின்றவர்களில் பாதிப்பேர் மன்னார்ச் சனங்கள். மடுவுக்குள் தஞ்சமிருந்து, அங்கிருந்தும் எழும்பிப் போன சொந்தங்கள் இன்னும் எந்த மரத்தடியில் என்று தெரியாதவர்கள். அவர்களுக்கு முன்னால், இந்த மாதத்தில், மாதாவை அங்கிருந்து எடுங்கள் என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சிலும் வார்த்தை வரவில்லை, தமிழிலும் வரவில்லை. செபமாலையில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று நீங்கள் பல தரம் கேட்டிருக்கிறீர்கள். இது அதைப் பற்றியதல்ல.

"தெரியாது" என்றேன்.

முசியே ரெஜான் என்னை நேராகப் பார்த்தார். ஜெயனியிடம் ஏதோ சொன்னார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லட்டாம். அவசரமில்லையாம்." அவள் குரலில் கோபம் இருந்தது, அவளுக்கும் விளங்கிவிட்டது. நான் மறுபடியும் தெரியாது என்றேன். அவர் மீற்றரை மூடி, புள்ளித்தாளில் எழுதி, நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் மனைவி நீட்டிய றோல்ஸ் ஒன்றையும் தேத்தண்ணீரையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு போனார். செபம் தொடர்ந்தது. சூரியன் தன்பாட்டில் மேலே ஏறினான். பிரார்த்தனை வாசித்து முடிகிற நேரம் நிழல் தகட்டை விட்டு விலகி, நான் பூட்டியவை எல்லாம் முழு வேலை செய்தன. அந்த நேரத்தில் மீற்றரைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பிறகு தாயாரை முதலில் இறக்கினோம். அதே பட்டியை உங்கள் தம்பிக்குப் பூட்டி, வகுப்பில் படிப்பித்தபடி நானே அவரைக் கயிற்றில் இறக்கினேன். அவருடைய பாரத்துக்கும் கயிறு தாங்கியது. பெண்கள் பாட்டுப் படித்தார்கள். கால் நிலத்தில் பட்டபின்தான் கண்ணைத் திறந்தார். "நேர்த்தி முடிஞ்சுது. ஒருத்தருக்கும் எலும்பு முறியேல்லை" என்றார். பிறகு, "பாஸோ?" என்றார். "பேந்து சொல்லுவினம்" என்றேன்.

ஆகவே மச்சாள், நீங்கள் விரும்பியபடி முடிந்துவிட்டது. அந்த இடம் வேறொரு பெடியனுக்குப் போகும், நல்ல பிள்ளைதான். பட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு களஞ்சியம் பார்க்கப்போகிறேன். மணப்பெண்ணின் மாமி தரையில்தான் நிற்கிறாள் என்று சம்பந்தி பகுதிக்கு நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். ஒன்றுமட்டும் கேட்கிறேன், உங்கள் தம்பியை ரெலிபோனில் ஏசவேண்டாம். என்ன நடந்ததென்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பயத்தை வென்றுவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அண்ணைக்கு எங்கள் வணக்கம். அனிற்றாவுக்கும் மாப்பிள்ளைக்கும் மாமியின் ஆசீர். தேவதாயாரை நீங்கள் எந்தத் தட்டில் வைத்திருந்தாலும் அங்கிருந்தபடியே அவர் உங்கள் வீட்டைக் காப்பாராக.

இப்படிக்கு
உங்கள் சொல்லைத் தட்டாத
நிரஞ்சனி

பி.கு. (வெள்ளிக்கிழமை): மேலே எழுதிய முடிவில் ஆசீரைத் தவிர மற்றதை நம்பவேண்டாம். திங்கள் விடுமுறை, தபால் இல்லை. கடிதம் கைப்பையிலேயே கிடந்தது. அதற்குள் ஜெயனி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் தகப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காய்ச்சலிலும் லீவு எடுக்காத மனிதர் செவ்வாய்க்கிழமை லீவு எடுத்து, என்னிடம் சொல்லாமல் பஸ் மாறிப் பயிற்சி நிலையத்துக்குப் போயிருக்கிறார். அவருக்குத் தெரிந்தது துறைமுகப் பிரெஞ்சு: இடம், வலம், பாரம், மெதுவாக, அது என்னுடையதில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன சொல்லமுடியும்? முசியே ரெஜானின் வகுப்பு நடந்துகொண்டிருக்க உள்ளே போய், கரும்பலகையில் ஒரு சூரியனும், ஒரு தாயாரும், தாயாருக்குப் பின்னால் நீளமாக ஒரு நிழலும் கீறி, பிள்ளைகளின் பக்கம் திரும்பி, பூசையில் "என் பாவமே" சொல்லும்போது செய்கிற மாதிரி, மூன்று தரம் நெஞ்சில் அடித்திருக்கிறார். ஆசிரியர் சிறுவயதில் பூசைக்கு உதவி செய்தவராம். வேறு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நிழலின் விளைவை இவ்வளவு சுருக்கமாகத் தன் வகுப்பில் யாரும் விளக்கியதில்லை என்று என்னிடம் சொன்னார். உங்களுக்கு விடை தெரியும் என்று எனக்கு அன்றே தெரியும் மதாம், ஏன் சொல்லவில்லை என்பதுதான் தெரியவில்லை என்றும் சொன்னார்.

நேற்று மறுபடியும் வந்தார். எனக்குத் தெரியாமல் ஒரு இணைப்பைத் தளர்த்திவிட்டுக் கேட்டார். அவர் கேட்டு முடிக்குமுன் கண்டுபிடித்துவிட்டேன். தேறிவிட்டேன். ஆனி மாத முதல் திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது. முதலாவது கூரை வடக்கே ஒரு ஏரிக்கரையில், நல்ல சரிவு என்கிறார்கள்.

கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவோம், சேலை கட்டித்தான் வருவேன். சம்பந்தி பகுதியிடம் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். உங்கள் தம்பிதான் பிரச்சினை. துறைமுகத்திலும், தெருமூலைத் தெப்பனர் கடைக்காரனிடமும், பஸ் சாரதியிடமும், பூசைக்குப் பிறகு சுவாமியிடமும், "என்ரை மனிசி வெய்யிலில கரண்ட் எடுக்கிறவ" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அங்கு வந்து அப்படிச் சொல்லவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், மச்சாள். அழுத்திச் சொல்லவில்லை.